பிறந்து 12 நாள், காம்பில் வெடிப்பு, "பால் பத்தலை" என்கிறார்கள். பவுடர் பால் தொடங்கலாமா?

கேள்வியில் சொல்லியிருப்பது இது: குழந்தை பிறந்து 12 நாள். காம்பு வெடித்து, வாய் வைத்தாலே உயிர் போகிறது. குழந்தை மணிக்கொரு தரம் அழுவதால் பால் பத்தவில்லை, பவுடர் கொடு என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.

டப்பாவைத் திறப்பதற்கு முன் இரண்டு கணக்கைப் பாருங்கள்.

ஒன்று, சிறுநீர். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் போக வேண்டும். நிறம் வெளிறியிருக்க வேண்டும். கரும்பச்சையாக வந்த மலமும் இதற்குள் மஞ்சளாகியிருக்க வேண்டும். டயபர் போட்டால் எத்தனை தடவை போனது என்பதே தெரியாது. சந்தேகம் தீரும்வரை இரண்டு நாள் பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள், எண்ணிவிடலாம்.

இரண்டு, எடை. முதல் சில நாளில் எடை இறங்குவது இயல்பு. 3 கிலோவில் பிறந்த குழந்தை 2.8 வரை வந்தால் பதற வேண்டாம், 2.7-ஐ நெருங்கினால் டாக்டர் பார்க்க வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன்பின் நாளொன்றுக்குச் சராசரியாக 20-30 கிராம் ஏற வேண்டும். ஒரே தராசில், துணியில்லாமல் நிறுத்தால்தான் இந்தக் கணக்குக்கு அர்த்தம்.

இரண்டும் சரியென்றால் பால் பத்துகிறது. அழுகையை வைத்து அளக்க முடியாது. சாயங்காலமானால் பல குழந்தைகள் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருக்கும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிப்பது சாதாரணம். பம்ப்பில் எவ்வளவு வருகிறது என்பதும் அளவுகோல் அல்ல. குழந்தையின் வாய் எடுக்கும் அளவுக்குப் பம்ப் எடுக்காது.

ஐந்து நாள் கழிந்தும் மலம் கறுப்பாகவே இருப்பது, சிறுநீர் செங்கல் நிறத்தில் வருவது, எழுப்பினாலும் குடிக்காமல் தூங்குவது, மஞ்சள் காமாலை கூடிக்கொண்டே போவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி வெடிப்பு. காம்பு மென்மையானது, போகப் போகப் பழகிவிடும் என்று சொல்வார்கள். முதல் வாரத்தில் வாய் வைத்ததும் சில விநாடி சுரீரென்பது வேறு. குடித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தால் குழந்தை பற்றியிருக்கும் விதம் தவறு. குழந்தை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிந்து தட்டையாக வந்தால், காம்பு வாயின் முன்பகுதியில் அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவே நசுங்குகிறது. வெடிப்பும் அதனால்தான், பால் சரியாக இறங்காததும் அதனால்தான், வயிறு நிறையாமல் மணிக்கொரு தரம் அழுவதும் பெரும்பாலும் அதனால்தான். உங்கள் கேள்வியிலிருக்கும் மூன்று பிரச்சினைக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம்.

சரிசெய்யும் விதம்: குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள், முதுகு சாய்த்து உட்கார்ந்து, தலையணை வைத்துக் குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும்; கழுத்து திரும்பியிருக்கக் கூடாது. காம்பு வாய்க்கு நேரே இல்லாமல் மூக்குக்கு நேரே இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தடவினால் குழந்தை தலையை லேசாகப் பின்னால் சாய்த்துக் கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறக்கும். அந்த ஒரு நொடிக்காகக் காத்திருங்கள். பாதி திறந்த வாயில் திணித்தால் காம்பு மட்டும்தான் உள்ளே போகும். வாய் அகன்றதும் தோள்பட்டையைப் பிடித்துச் சட்டென்று அணையுங்கள், தாடை முதலில் மார்பில் பதிய வேண்டும். பின்னந்தலையை அமுக்கக் கூடாது. அமுக்கினால் குழந்தை முரண்டு பிடித்துப் பின்னால் தள்ளும்.

சரியாகப் பற்றினால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும், கன்னம் குழி விழாது. முதலில் வேகமாகச் சப்பிவிட்டு, பிறகு மெதுவாக ஒரு சப்பலுக்கு ஒரு விழுங்கல் என்று "க்" சத்தம் கேட்கும். வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்: சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி வையுங்கள். அப்படியே இழுத்தால் இருக்கிற புண் பெரிதாகும். சிசேரியன் தையலில் குழந்தை படுகிறது என்றால் கால் பக்கம் உங்கள் முதுகுப்புறம் போகும்படி குழந்தையைக் கக்கத்தில் இடுக்கிக் கொடுங்கள், அல்லது ஒருக்களித்துப் படுத்துக் கொடுங்கள்.

புண்ணுக்குச் சோப்பு வேண்டாம். குடித்து முடித்ததும் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலைத் தடவிக் காற்றில் உலரவிட்டால் போதும். வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள். ஒருவேளை வைக்கவே முடியாத அளவு வலித்தால், அந்த ஒரு வேளை பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) புகட்டுங்கள், பீய்ச்சாமல் விட்டுவிடாதீர்கள். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து 2-3 செ.மீ. தள்ளி வைத்து, முதலில் நெஞ்செலும்புக் கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். விரல் தோல்மேல் சறுக்கினால் முறை தவறு. விரலை வட்டமாக நகர்த்திக்கொண்டே போனால் எல்லாப் பக்கமும் பால் இறங்கும்.

காம்பு உள்வாங்கியிருந்தால் நம்மூர் நர்சுகள் செய்து தரும் உபாயம் ஒன்று உண்டு. புதிய 10 மி.லி. சிரிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, பிஸ்டனைக் கழற்றி வெட்டிய பக்கமாகச் செருக வேண்டும். வழுவழுப்பான மறுமுனையைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக இழுத்து அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் பிடித்தால் காம்பு எழும்பும். உடனே குழந்தையை வையுங்கள். வெட்டிய முனையை மார்பில் வைத்தால் கிழிக்கும். வலித்தால் இழுப்பதைக் குறையுங்கள்.

வலிக்குப் பயந்து வேளை தவறவிட்டால் அடுத்து வருவது பால்கட்டு. மார்பு கல்லாகி, கருவட்டமும் விறைத்துப்போய், குழந்தையால் பிடிக்க முடியாது. காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து ஒரு நிமிடம் உள்நோக்கி அழுத்துங்கள். நீர் பின்வாங்கி அந்த இடம் இளகும், பிறகு வையுங்கள். கொடுத்த பின் குளிர்ந்த ஒத்தடம். கட்டியை உடைப்பதாக எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். மல்லிகைச் சரத்தை மார்பில் கட்டினால் இறங்கிவிடும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது பாலை வற்றவைக்க நம் வீடுகளில் செய்வது. வேலூரில் ஆய்வாகவே செய்து, சுரப்பு குறைகிறது என்று 1988-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

ஓரிடம் மட்டும் சிவந்து, குளிர்காய்ச்சல் 101 டிகிரி தாண்டி, உடம்பு முறித்துப் போட்டால் மார்பில் அழற்சி. அப்போதும் அந்தப் பக்கம் கொடுக்கலாம், குழந்தைக்குக் கெடுதல் இல்லை. பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாளில் இறங்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். தாமதித்தால் சீழ் கட்டும்.

பவுடர் பால் விஷமல்ல. எடை ஏறாத குழந்தைக்குச் சில நாள் தேவைப்படலாம். ஆனால் அது டாக்டர் அளவு சொல்லித் தர வேண்டியது. சுரப்பு, வெளியே எடுக்கும் அளவைப் பொறுத்தது: மார்பில் பால் தேங்கினால் உடம்பு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஒரு புட்டி கொடுத்துவிட்டு அந்த வேளை பீய்ச்சாமல் விட்டால், அதுவே தொடர்ந்தால் "பால் பத்தலை" என்பது உண்மையாகிவிடும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் உங்கள் பீய்ச்சிய பால், மிச்சத்துக்குப் பவுடர், இரண்டும் பாலாடையில். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம்.

பூண்டும் சுறாப்புட்டும் பிடித்தால் சாப்பிடுங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குழந்தைக்குப் பசிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். புண்ணைப் பார்த்துக் களிம்பு எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், குழந்தையை மார்பில் வைத்து, ஒருமுறை குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். குழந்தையின் நாக்கைத் தூக்கி, அடிநாக்குச் சவ்வு நாக்கை இழுத்துப் பிடிக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.