பாதியில் நின்ற மாடி வீடு: மறுபடி கட்டினால் நம்பலாமா?

கேள்வி: எங்கள் தோட்டப் பட்டணத்தில் பத்து மாடிக் குடியிருப்பு ஒன்று ஏழாம் மாடியோடு நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது புதிய மேம்பாட்டாளர் வந்து, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் துணை ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார். மழையில் கிடந்த கட்டடத்தை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?
- வாசகி, பேராக், மலேசியா

பதில்: மழையில் நனைவதால் மட்டும் கான்கிரீட் கெட்டுவிடாது. கவலைப்பட வேண்டியது உள்ளே இருக்கும் கம்பியைப் பற்றித்தான். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிடமிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் குறைகிறது. அது கம்பிவரை எட்டி, ஈரமும் சேர்ந்தால் துரு ஏறும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மேலுள்ள கான்கிரீட் வெடித்து உதிரும்.

ஏழாம் மாடித் தூண்களின் உச்சியில், அடுத்த மாடிக்காக நீட்டிவிட்ட கம்பிகள்தான் முதலில் அடிபடும். நீங்கள் மேலே ஏற வேண்டாம். பொறியியலாளர் எடுத்த புகைப்படங்களைக் கேளுங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்தால் போகும் பழுப்புத் துருவுக்குப் பயமில்லை. செதிலாக உரிந்து, குழி விழுந்து, கம்பி மெலிந்திருந்தால் அதை வெட்டிவிட்டு, துளையிட்டு, எபோக்ஸிப் பசை வைத்துப் புதுக்கம்பி நட வேண்டும்.

சுத்தியல் சோதனை (மேற்பரப்பைத் தட்டி வலிமையைக் கணிப்பது) அறிக்கையை மட்டும் நீட்டினால் ஏற்காதீர்கள். காரம் இழந்த மேற்பரப்பு இறுகிவிடுவதால் உண்மையைவிட நல்ல எண்ணையே அது காட்டும். தூணிலிருந்து உருளைத் துண்டு எடுத்து நசுக்கிப் பார்த்த முடிவும், ஃபீனால்ஃப்தலீன் சோதனையும் வேண்டும். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரமுள்ள இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை வந்துவிட்டதா என்பதே கேள்வி. சுவருக்குப் பூச்சும் சாயமும் ஏறுவதற்கு முன்பே இதெல்லாம் நடக்க வேண்டும். மின்தூக்கிக் குழியில் தேங்கிய நீரை இறைத்து, அங்குள்ள சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

துணை ஒப்பந்தத்தில் தாமத இழப்பீட்டை விட்டுக்கொடுக்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அடுக்குமாடிக்கான சட்டமுறை ஒப்பந்தப்படி 36 மாதத்தில் சாவி தர வேண்டும். தவறினால் விலையில் ஆண்டுக்கு 10%, நாள் கணக்கில். 150,000 ரிங்கிட் வீட்டுக்கு அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 41 ரிங்கிட். துணை ஒப்பந்தத்தைச் சொந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். அதுவரை வங்கித் தவணையை நிறுத்தாதீர்கள். வேலை நின்றாலும் கடன் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.