அப்பா சொன்ன பொத்தான்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் எங்கள் ஊர். சென்னையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். ஓட்டு விளவங்கோடு தொகுதியில் இருக்கிறது. போன தடவை ஊருக்கு வந்து, அப்பா சொன்னபடி அம்மாவும் நானும் போட்டோம். அடையாள அட்டைகூட அப்பா பீரோவில்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் இவ்வளவு தூரம் வருவது கஷ்டம். ஓட்டைச் சென்னைக்கு மாற்றிவிடலாமா? அங்கேயும் இருக்கட்டும், இங்கேயும் சேர்த்துக்கொள் என்கிறாள் தோழி.

பதில்: தோழி பேச்சைக் கேட்காதே. ஒருவர் பெயர் இரண்டு தொகுதியில் இருக்கக் கூடாது என்கிறது 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்; வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை ஜெயில்கூட உண்டு. ஹாஸ்டல் மாணவர்கள் வீட்டு முகவரி, ஹாஸ்டல் முகவரி இரண்டில் ஏதாவது ஒன்றில் பதியலாம். மாற்றுவதற்குப் படிவம் 8. சட்டம் அவ்வளவுதான்.

நீ போகிற போக்கில் எழுதினாயே, 'அப்பா சொன்னபடி அம்மாவும் நானும்', அதற்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 19 அன்று விளவங்கோட்டுக்காரர்களுக்கு இரண்டு ஓட்டு, நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒன்று. இரண்டிலும் அப்பா கை காட்டிய சின்னம்தானா? அப்புறம் தூரத்தைக் குறை சொல்கிறாய்! கிறிஸ்துமஸுக்கோ கோயில் கொடைக்கோ வராமலா இருக்கிறாய்? இப்படி எழுதும் பிள்ளைகள் நிறையப் பேருக்கு ரயில் பிரச்சினையே இல்லை. வீட்டில் மறுத்துப் பேசப் பயம், அதனால் முகவரியை மாற்றப் பார்க்கிறார்கள்.

அப்பாவை மதிக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. நாளைக்கு அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவளும் நீதான். ஆனால் ஓட்டு என்ன ரேஷன் கார்டா, வீட்டுக்கு ஒன்று என்று குடும்பத் தலைவர் கையில் இருக்க? நீ சென்னைக்கு மாறினால் உனக்கு நிம்மதி, சரி. அம்மா? சொன்ன சின்னத்தை அழுத்திவிட்டு வருவதற்கு அவர் மட்டும் அங்கே தனியாக இருக்கட்டும், அப்படித்தானே? கடிதம் முழுக்க அம்மாவைப் பற்றி எழுதியது அந்த ஒரே ஒரு வார்த்தை. அவருக்கும் ஒரு எண்ணம் இருக்குமே என்று உனக்கு ஒரு நாளாவது தோன்றியதா?

சென்னையில் நீ இருக்கும் வார்டுக்குக் கவுன்சிலர் யார், தெரியுமா? படிப்பு முடிந்தால் எந்த ஊரோ. கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் உங்கள் பக்கத்து ரோட்டில்தான் ஓடுகின்றன, கிள்ளியூர்ப் பக்கம் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு ஜனங்கள் எதிர்ப்புச் சொன்னதும் உனக்குத் தெரிந்திருக்கும், அதில் எல்லாம் உனக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். இதே நீ சென்னையில் வேலையும் வீடுமாகத் தங்கி, குடிதண்ணீருக்கு அலைந்தவள் என்றால் மாற்றிக்கொள் என்றே சொல்லியிருப்பேன்.

அதனால் ஓட்டு ஊரிலேயே இருக்கட்டும். பட்டியலில் பெயர் இருந்தால் ஆதாரைக் காட்டியும் போடலாம்தான், ஆனால் நீ அந்த அட்டையையே அப்பாவிடம் கேட்டு வாங்கணும் மக்ளே. நீ போட்ட ஓட்டை அச்சடித்துக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு ஏழு நொடி தெரியும், உனக்கு மட்டும். வெளியே வந்ததும் யாருக்குப் போட்டாய் என்று அப்பா கேட்டால் பொய் சொல்லாதே, சொல்ல மாட்டேன் என்று சொல். கோபப்படுவார், இரண்டு வேளை பேச மாட்டார். அம்மாவையும் கூடவே கூட்டிப் போ. அவர் யாருக்குப் போட்டார் என்று நீயும் கேட்டுக் குடையாதே.