ஒரு கதாபாத்திரத்தையாவது முதலில் நடக்க வையுங்கள்

நீங்கள் அனுப்பிய ஸ்ப்ரைட்டுகளை, அதாவது விளையாட்டுக்காகப் பிக்ஸல் பிக்ஸலாக வரைந்த சின்ன உருவங்களைப் பார்த்தேன். கேம் ஆர்ட்டிஸ்ட் வேலைக்கு இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குப் போதாது. ஆனால் கைத்திறமை குறைவு என்று நினைத்து மனம் தளர வேண்டாம், தொடங்கிய அளவுதான் தவறு. 128-க்கு 128 பிக்ஸலில் வரைந்தால் ஒவ்வொரு பிக்ஸலையும் யோசித்து வைக்கும் பழக்கமே வராது. கொஞ்ச காலம் 16-க்கு 16, மிஞ்சினால் 32-க்கு 32, அதற்குள்ளேயே இருங்கள்.

இடம் குறைந்தால் எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். 1981-இல் வந்த டாங்கி காங் விளையாட்டில் மரியோவுக்குத் தொப்பியும் மீசையும் வந்தது அப்படித்தான். அத்தனை சின்னக் கட்டத்தில் தலைமுடி வரைவது சிரமம், தொப்பி அதை மறைத்தது. வாய் வரைய இடமில்லை, மீசை வைத்ததும் மூக்கு தனியாகத் தெரிந்தது. சட்டைக்கும் அதன்மேல் போட்ட உடைக்கும் வேறு வேறு நிறம் கொடுத்ததால் கை ஆடுவது கண்ணில் பட்டது. அதை வடிவமைத்த மியாமோட்டோ இடப்பற்றாக்குறையைச் சமாளிக்கச் செய்த வேலை, உலகமே அறிந்த முகமாகிவிட்டது.

உங்கள் வில்லாளியையும் மந்திரவாதியையும் முழுக்கக் கருப்பாக நிரப்பிப் பாருங்கள். யார் எவர் என்று எனக்குத் தெரியவில்லை. உருவத்தின் வெளிவடிவம் பேசாதபோது, உள்ளே எத்தனை பொத்தான் வரைந்தும் பயனில்லை. வில்லைப் பெரிதாக்குங்கள், மந்திரவாதியின் தோளைக் குறுக்குங்கள். இந்த அளவில் மிகைப்படுத்தினால்தான் இயல்பாகவே தெரியும்.

அடுத்து நிழல். ஓரமெல்லாம் இருட்டு, நடுவில் வெளிச்சம் என்று எல்லா உருவத்துக்கும் ஒரே மாதிரி போட்டிருக்கிறீர்கள். பில்லோ ஷேடிங் என்று இதைச் சொல்வார்கள். ஆர்ட் பார்ப்பவர்கள் புதியவர் என்று கண்டுகொள்வது பெரும்பாலும் இதை வைத்துத்தான். வெளிச்சம் மேலே இடப்பக்கமிருந்து வருவதாக வைத்துக்கொண்டு, நிழலை எதிர்ப்பக்கம் மட்டும் போடுங்கள். நிழலுக்கு அதே நிறத்தில் கருப்பைக் கலக்காமல் நீலம் அல்லது ஊதா பக்கம் நகர்த்துங்கள், வெளிச்சத்தை மஞ்சள் பக்கம். ஒரு உருவத்துக்கு ஆறேழு நிறம் தாராளம். பழைய நின்டெண்டோ என்இஎஸ் விளையாட்டுக் கருவியில் ஒரு ஸ்ப்ரைட்டுக்குக் கிடைத்ததே மூன்று நிறம்தான்.

வளைகோடுகள் உடைந்து தெரிவதற்குக் காரணம் படிகளின் வரிசை. மூன்று, இரண்டு, ஒன்று என்று பிக்ஸல்கள் ஒழுங்காகக் குறைந்தால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். மூன்று, ஒன்று, இரண்டு என்றால் தடுக்கும்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் உண்மையில் தேடுவது அசைவை. நின்றுகொண்டிருக்கும் முப்பது வீரர்களைவிட, ஒழுங்காக நடக்கும் ஒரு வீரன் போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலைக்குக் காட்டும் படத்தொகுப்பில், அதிகம் பேசுவான். நான்கு ஃப்ரேமே, அதாவது அடுத்தடுத்து ஓடும் நான்கு படங்களே போதும். கால்கள் அகன்றிருக்கும்போது உடல் ஒரு பிக்ஸல் தாழட்டும், ஒன்றையொன்று கடக்கும்போது ஒரு பிக்ஸல் எழட்டும். அந்த ஒரு பிக்ஸலில்தான் உடலின் எடை தெரியும்.

செலவைப் பற்றி அப்பா கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பேனா டேப்லெட் இப்போது வேண்டாம், மவுஸ் போதும். ஸ்ப்ரைட் வரையும் ஏஸ்ப்ரைட் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள். லிப்ரேஸ்ப்ரைட், பிஸ்கெல் இரண்டும் இலவசம், கற்றுக்கொள்ள அவையே போதும்.

அப்பாவிடம் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்ப்ரைட் மட்டும் வரையும் நிரந்தர வேலைகள் குறைவு. சின்னக் குழுக்களில், ஒப்பந்த அடிப்படையில்தான் அதிகம் கிடைக்கும். அங்கே தரை, மரம், மெனு, வெடிப்பு எல்லாவற்றையும் அதே ஆள் வரைய வேண்டியிருக்கும். 2016-இல் வெளிவந்த ஸ்டார்டியூ வேலி விளையாட்டை எரிக் பரோன் என்பவர் ஓவியம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து முடித்தார். அதைக் கேட்டுவிட்டுக் கல்லூரியை விட்டுவிடாதீர்கள், அவர் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர். படிப்போடு சேர்த்து, காகிதத்தில் மனித உடல் வரைந்து பழகுங்கள். லூடம் டேர் போன்ற கேம் ஜாம்களில், அதாவது சில நாட்களுக்குள் ஒரு விளையாட்டை உருவாக்கும் நிகழ்வுகளில், நிரல் எழுதும் ஒருவரோடு சேருங்கள். உங்கள் உருவம் விளையாட்டுக்குள் ஓடும்போது தெரியும் குறைகள் கேன்வாஸில் தெரியாது.

அடுத்த முறை ஒரே ஒரு கதாபாத்திரத்தை அனுப்புங்கள், நிற்பதும் நடப்பதும் மட்டும். ஜேபெக் வேண்டாம், ஓரங்கள் கலங்கிவிடும். நிற்பதை பிஎன்ஜியாகவும் நடப்பதை ஜிஃப்பாகவும், அசல் அளவில் ஒன்று, சரியாக நான்கு மடங்கு பெரிதாக்கியது ஒன்று.