விட்டுப்போன ஓட்டத்தை ஞாயிறில் ஈடுகட்டலாமா?

கேள்வி: ஓடத் தொடங்கி 7 மாதம் ஆகிறது. 10 வாரத்தில் அரை மாரத்தான். அட்டவணைப்படி வாரம் 4 நாள். அலுவலகம், கைக்குழந்தை என்று 2 நாள்தான் முடிகிறது. விட்டதையெல்லாம் சேர்த்து ஞாயிறன்று ஓடிவிடுகிறேன். இப்போது கெண்டைக்கால் எலும்போரம் வலிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள். நானும் முதல் வருடம் இதே கூத்தை அடித்தவன்தான். 3 நாள் பாக்கியை ஒரே காலையில் தீர்த்தேன். மறுநாள் அலுவலக மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மெதுவாகத்தான் தேறும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டித்தான் மாட்டிக்கொள்கிறோம்.

வாரம் 3 நாள் போதும். வேலை நாளில் இரண்டு, தலா 40 நிமிடம். விடுமுறையில் ஒரு நீண்ட ஓட்டம். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் இருக்கட்டும். பந்தயம் 21.1 கிலோமீட்டர், பயிற்சியில் படிப்படியாக 16, 18 வரை போனால் முடித்துவிடலாம். குழந்தை தூங்கவிடாத இரவா? அலாரத்தை அணைத்துவிட்டுப் படுங்கள்.

வலிக்கு வருவோம். விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் சுருக்கென்கிறதா, நடக்கும்போதும் வலிக்கிறதா? ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். எலும்போரம் நெடுகப் பரவலாக வலித்தால் 2 வாரம் ஓட்டத்துக்குப் பதிலாக சைக்கிள் மிதியுங்கள். அப்போதும் அடங்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.