காரம் குறைந்த விருந்துக் குழம்பு: கேள்விகளும் பதில்களும்

மிளகாய்க் காரத்துக்குப் பழகாத விருந்தினர் வீட்டுக்கு வரும்போது எதைச் சமைப்பது, எப்படிச் சமைப்பது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சமையலில் வளர்ந்தவள் என்பதால், என் பதில்களில் பெரும்பகுதி சொதி என்னும் எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பைச் சுற்றியே அமைந்திருக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி: வழக்கமாக வைக்கும் குழம்பிலேயே மிளகாய்த்தூளைக் கால் பங்காகக் குறைத்து வைத்தேன். விருந்தினர் சாப்பிட்டார், ஆனால் குழம்பு சப்பென்று இருந்தது. எங்கே தவறினேன்?

மிளகாயைக் குறைத்த நீங்கள், அது செய்துகொண்டிருந்த வேலையை வேறு எதனிடமும் ஒப்படைக்கவில்லை. நம் காரக்குழம்புகளில் மிளகாய்த்தூள் உறைப்பை மட்டும் தருவதில்லை. நிறம், கெட்டித்தன்மை, எண்ணெயில் வதங்கும்போது எழும் மணம் ஆகிய மூன்றையும் அதுவே தருகிறது. புளியின் கூர்மையைத் தாங்கி நிற்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் புளி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். குழம்பும் நீர்த்துப் போகும். ஆகவே, காரக்குழம்பின் காரத்தைக் குறைப்பதைவிட, பிறப்பிலேயே காரம் குறைந்த குழம்பு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அப்படிப்பட்ட குழம்புகள் நம்மிடம் நிறையவே உள்ளன. அமெரிக்கக் கண்டத்தின் பயிரான மிளகாய், போர்ச்சுக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர் மிளகும் திப்பிலியும் இஞ்சியுமே நம் உறைப்பாக இருந்தன. மிளகாய் இல்லாமல் மணமாகச் சமைப்பது நமக்குப் புதிய வித்தை அன்று.

சென்னையிலிருந்து: அலுவலகத்தில் எங்களோடு பணிபுரியும் ஜெர்மானியர் ஒருவரை மனைவியுடன் வீட்டுக்கு அழைத்திருக்கிறோம். இருவரும் இறைச்சி உண்பதில்லை. ஒரே ஒரு குழம்பு வைக்கச் சொன்னால் எதை வைப்பீர்கள்?

தயங்காமல் சொதி வைப்பேன். எங்கள் பக்கத்தில் திருமணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாரை மறுவீட்டுக்கு அழைக்கும்போது பெண் வீட்டார் வைக்கும் குழம்பு அது. மாப்பிள்ளைச் சொதி என்றே அதற்குப் பெயர். மிக மதிப்புக்குரிய விருந்தினரின் இலையில் மிக மென்மையான குழம்பை ஊற்றும் இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆறு பேருக்கான அளவைச் சொல்கிறேன். இரண்டு நடுத்தரத் தேங்காய்களைத் துருவி, வெதுவெதுப்பான நீர் அரை கோப்பை மட்டும் விட்டு அரைத்துப் பிழிந்து முதல் பாலைத் தனியே வையுங்கள். சக்கையில் ஒன்றரைக் கோப்பை நீர் விட்டு இரண்டாம் பாலும், பிறகு இரண்டு கோப்பை நீர் விட்டு மூன்றாம் பாலும் எடுங்கள். 100 கிராம் பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வெறுமனே வறுத்து, மலர வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, முருங்கைக்காய் எல்லாம் சேர்ந்து அரைக் கிலோ இருக்கலாம். பதினைந்து சின்ன வெங்காயத்தையும் பத்துப் பூண்டுப் பற்களையும் முழுதாகத் தேங்காய் எண்ணெயில் வதக்குங்கள். அவை கண்ணாடிபோல் ஆக வேண்டுமே தவிர, சிவக்கக் கூடாது. அதன்மேல் காய்களைப் போட்டு, மூன்றாம் பாலை ஊற்றி வேகவிடுங்கள்.

வழக்கமாக இந்த அளவுக்கு ஐந்தாறு பச்சை மிளகாயை இரண்டு அங்குல இஞ்சியோடு அரைத்து விடுவோம். உங்கள் விருந்தினருக்காக இஞ்சியை மட்டும் அரைத்து விட்டு, இரண்டு மிளகாயை நடுவில் கீறி, உள்ளிருக்கும் வெண்மையான நரம்பையும் விதையையும் நீக்கி முழுதாகப் போடுங்கள். மிளகாயின் உறைப்பு பெரும்பாலும் அந்த வெள்ளை நரம்பில்தான் உள்ளது. விதை அதை ஒட்டியிருப்பதால்தான் உறைக்கிறது. நரம்பை நீக்கிய பச்சை மிளகாய் தன் பசுமையான மணத்தைக் குழம்புக்குக் கொடுத்துவிடும். பரிமாறும் முன் அதை எடுத்துவிடலாம்.

காய் வெந்ததும் பருப்பையும் இரண்டாம் பாலையும் உப்பையும் சேர்த்து ஒரு கொதி விடுங்கள். அடுப்பைத் தணித்து முதல் பாலை ஊற்றி, ஓரங்களில் நுரை கூடும்போதே இறக்கிவிடுங்கள். கடுகு, கறிவேப்பிலை, முந்திரியை நெய்யில் தாளித்துக் கொட்டி, சூடு சற்றுத் தணிந்த பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தின் சாற்றைப் பிழியுங்கள். மஞ்சள்தூள் வேண்டாம், சொதியின் வெண்மைதான் அதன் அழகு.

டொராண்டோவிலிருந்து: எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டில் சொதி என்றால் மஞ்சள் போட்டு, இடியப்பத்துக்கு ஊற்றுவது. நீங்கள் சொல்வது வேறாக இருக்கிறதே?

பெயரும் தேங்காய்ப்பாலும் ஒன்று, உருவம் வேறு. உங்கள் சொதி சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சளோடு தண்ணீராக, விரைவில் முடிவது. காலையோ இரவோ இடியப்பத்தோடு உண்பது. எங்களுடையது பருப்பும் காயும் சேர்ந்து கெட்டியாக, மதியச் சோற்றுக்கு வருவது. விருந்தினருக்கு இடியப்பம் பரிமாறுவதாக இருந்தால் உங்கள் முறையையே கைக்கொள்ளுங்கள், அதுவும் இதமானதுதான்.

மதுரையிலிருந்து: ஒவ்வொரு முறையும் தேங்காய்ப்பால் திரிந்துவிடுகிறது. என்ன செய்ய?

தேங்காய்ப்பால் என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள். அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் பிடித்துவைத்திருப்பது பாலிலுள்ள புரதம். கடுமையாகக் கொதித்தாலோ, கொதிக்கும்போது புளிப்பு சேர்ந்தாலோ அந்தப் புரதம் உறைந்து, எண்ணெய் பிரிந்துவிடும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றுவதும், எலுமிச்சையை இறக்கிய பின் பிழிவதும் இதற்காகவே. மூன்றாம் பாலிலோ இரண்டாம் பாலிலோ சிறிது பிரிந்தால் கவலைப்பட வேண்டாம். மசித்த பருப்பு அதைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பருப்பே இல்லாத குழம்பாக இருந்தால் ஒரு தேக்கரண்டி அரிசிமாவை நீரில் கரைத்து விடுங்கள். இன்னொன்று: மறுநாள் சூடுபடுத்தும்போதுதான் பலரின் சொதி திரிகிறது. அடுப்பில் நேரடியாக வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சொதிப் பாத்திரத்தை இறக்கிச் சூடாக்குங்கள்.

பிராங்க்ஃபர்ட்டிலிருந்து: இங்கே டப்பாப் பால்தான் கிடைக்கிறது.

அதிலும் நன்றாக வரும். சர்க்கரை சேர்க்காததா என்று பாருங்கள். 400 மில்லி டப்பா இரண்டு போதும். திறப்பதற்கு முன் குலுக்காதீர்கள். மேலே திரண்டு நிற்கும் கெட்டிப் பகுதியை முதல் பாலாகவும், அடியில் இருப்பதில் இரு மடங்கு நீர் சேர்த்துக் காய் வேகும் பாலாகவும் பயன்படுத்துங்கள்.

திருச்சியிலிருந்து: எங்கள் விருந்தினர் கோழி விரும்புகிறார். காரமில்லாமல் கோழிக் குழம்பு ருசிக்குமா?

வெள்ளைக் குருமா வைத்துப் பாருங்கள், நன்றாகவே ருசிக்கும். ஒரு கிலோ கோழிக்கு 150 கிராம் புளிப்பில்லாத தயிர், பதினைந்து முந்திரி, அரை மூடித் தேங்காய், ஒரு தேக்கரண்டி சோம்பு. முந்திரியை ஊறவைத்து, தேங்காயோடும் சோம்போடும் வெண்ணெய்போல் அரைத்துக்கொள்ளுங்கள். மசாலாவை முழுதாகவே எண்ணெயில் போடுங்கள்: ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு, நான்கு ஏலக்காய், ஒரு பிரிஞ்சி இலை. இவற்றின் மணத்தைத் தரும் எண்ணெய்ச் சத்துகள் நீரில் அதிகம் கரைவதில்லை. கொழுப்பில் நன்றாகக் கரையும். எனவே, மிதமான சூட்டில் ஏலக்காய் உப்பும்வரை பொறுமையாக நில்லுங்கள். மிளகாய் இல்லாத குழம்பில் இந்த ஒரு நிமிடத்தை அவசரப்படுத்தினால் பின்னால் எதைச் சேர்த்தும் ஈடுகட்ட முடியாது. பிறகு வெங்காயத்தையும் இஞ்சி பூண்டு விழுதையும் நிறம் மாறாமல் வதக்கி, கோழியைப் போடுங்கள். தயிரைக் குளிர்பெட்டியிலிருந்து முன்னரே எடுத்துவைத்து, ஒரு தேக்கரண்டி கடலைமாவோடு அடித்து, அடுப்பைத் தணித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மாவு தயிரைத் திரியவிடாது. கோழி முக்கால் பதம் வெந்ததும் அரைத்த விழுதைச் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் வேகவையுங்கள்.

முந்திரி ஒவ்வாதவர் உண்டா என்று விருந்தினரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது கட்டாயம். உண்டென்றால் முந்திரிக்குப் பதில் வெள்ளரி விதையை அரைத்து விடுங்கள். குருமாவுக்குக் கசகசா அரைப்பதும் வழக்கம்தான். ஆனால் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அதற்குத் தடை இருப்பதால், அங்குள்ளோர் ஊரிலிருந்து எடுத்துச்செல்லக் கூடாது.

சேலத்திலிருந்து: மிளகாய்க்குப் பதில் மிளகு போட்டால் காரம் தெரியாதுதானே?

தெரியும். மிளகின் உறைப்பு வேறு வகை என்றாலும், பழகாத நாக்குக்கு அதுவும் உறைப்புதான். ஆறு பேருக்கான குழம்பில் கால் தேக்கரண்டி, அதுவும் பொடித்து இறுதியில் தூவினால் மணம் மட்டும் நிற்கும். சிவப்பு நிறம் வேண்டுமென்றால் காஷ்மீரி மிளகாயையோ பேடகி மிளகாயையோ விதை நீக்கி ஊறவைத்து அரைத்துவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: கவனித்துச் செய்தும் குழம்பு காரமாகிவிட்டால்? உருளைக்கிழங்கு போட்டால் போதுமா?

உருளைக்கிழங்கு குழம்பின் நீரையே உறிஞ்சுகிறது. காரத்தை மட்டும் தனியே பிரித்தெடுப்பதில்லை. எனவே அளவைக் கூட்டுவதே வழி. தேங்காய்ப்பாலோ, மசித்த பருப்போ, வேகவைத்த காயோ சேர்த்து உப்பைச் சரிபாருங்கள். சாப்பிடும்போது விருந்தினருக்கு உறைத்தால் தண்ணீரை நீட்டாதீர்கள். மிளகாயின் உறைப்பு நீரில் ஏறக்குறைய கரைவதில்லை. தண்ணீர் அதை வாயெங்கும் பரப்பும். பாலும் தயிரும் அதைக் கழுவி எடுத்துவிடும். தயிர்ப் பச்சடி ஒன்றை முதலிலேயே இலையருகில் வைத்துவிடுங்கள்.

விருதுநகரிலிருந்து: எங்கள் வீட்டில் மற்ற எல்லோரும் நல்ல காரம் சாப்பிடுகிறவர்கள். இரண்டு குழம்பு வைக்க வேண்டுமா, அம்மா?

வேண்டாம். விருந்தினருக்குத் தனிக் குழம்பு வைத்தால் தம்மால் வீட்டாருக்குச் சிரமம் என்று அவர் கூச்சப்படுவார். எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து உண்பதே முறை. சொதிக்கு எங்கள் பக்கத்தில் எப்போதும் இஞ்சிப் பச்சடி உண்டு: இஞ்சி, புளி, மிளகாய், வெல்லம் சேர்த்துச் சுண்டக் காய்ச்சியது. தேங்காய்ப்பாலும் பருப்பும் சேர்ந்த கனத்தைச் செரிக்கவைக்க வேண்டும் என்று வைத்த துணை அது. காரம் வேண்டியவர் அதைத் தொட்டுக்கொள்ளட்டும். கூடவே உருளைக்கிழங்கு வறுவல் ஒன்று. அதில் பாதியை மிளகாய்த்தூள் இல்லாமல் உப்பு மட்டும் போட்டு எடுத்துவையுங்கள். இஞ்சிப் பச்சடியை முதல் நாளே செய்துவைத்தால் இன்னும் ருசிக்கும். சொதியை மட்டும் விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்குங்கள்.