புது ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது அலைன்மென்ட்டை (பார்ட்டிஷனின் தொடக்கம் டிஸ்க்கின் உள் செக்டரோடு பொருந்துவதை) நாமே கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஆனால் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) எந்த செக்டரில் (டிஸ்க் எழுதும் சின்னத் துண்டு) தொடங்குகிறது என்பதை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வேகம் போவது அநேகமாக அங்கேதான்.

திருகோணமலையில் கொம்பியூட்டர் திருத்துவது என் தொழில். கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்காரர்கள் "கொப்பி பண்ணவே விடிஞ்சிடுது தம்பி, டிஸ்க் பழுது போல" என்று கொண்டுவருவார்கள். சிலவற்றில் டிஸ்க்குக்கு ஒரு குறையும் இருக்காது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து புதியதில் இறக்கியிருப்பார்கள், அவ்வளவுதான்.

எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63ஆம் செக்டரில் தொடங்கும். ஒரு டிராக்கில், அதாவது தட்டின் ஒரு வட்டத்தில், 63 செக்டர் என்ற பழைய கணக்கின் மிச்சம் அது. இன்றைய டிஸ்க்குகள் வெளியே 512 பைட் செக்டர் என்று சொன்னாலும், உள்ளே எழுதுவது 4096 பைட்டாக, அதாவது எட்டெட்டு செக்டராக. 63 எட்டால் வகுபடாது. அதனால் ஃபைல் சிஸ்டத்தின் ஒவ்வொரு 4 கேபி பிளாக்கும் இரண்டு நிஜ செக்டர்களில் பிரிந்து விழும். சின்னச் சின்னதாக எழுதும்போது டிஸ்க் முதலில் பழையதைப் படித்து, மாற்றி, தட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தபிறகே திரும்ப எழுதும். 5400 ஆர்பிஎம் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செக்கன். சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் சொல்லவே வேண்டாம்.

விண்டோஸ் விஸ்டா முதல் தொடக்கம் 2048ஆம் செக்டர், அதாவது சரியாக 1 எம்பி. லினக்ஸில் பார்ட்டிஷன் போடும் எஃப்டிஸ்க்கும் இப்போது அப்படியே. ஆனால் டிஸ்க்கை உள்ளே போட்டு மாட்டுகிற யூஎஸ்பி பெட்டிகளை நம்பாதீர்கள்! சில பெட்டிகள் உகந்த எழுத்து அளவு 33553920 பைட் என்று உளறும். அதை நம்பி எஃப்டிஸ்க் 65535ஆம் செக்டரில் தொடங்கச் சொல்லும். அதுவும் எட்டால் வகுபடாது. பேசாமல் 2048 என்று கையால் அடித்துவிடுங்கள்.

பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்ட் என்றால் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. நாலு டிஸ்க் ரெய்ட் 5, சங்க் (ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதும் அளவு) 512 கேபி, பிளாக் 4 கேபி என்றால் ஸ்ட்ரைட் (ஒரு சங்க்கில் உள்ள பிளாக்குகள்) 128; ஒரு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக மிச்சம் மூன்று என்பதால் ஸ்ட்ரைப் விட்த் 384. லினக்ஸின் சொந்த ரெய்டாக இருந்தால் ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் இதை லினக்ஸின் மையமான கேர்னலிடம் கேட்டுத் தானே போட்டுக்கொள்ளும். சில ரெய்ட் கார்டுகள் வாயே திறக்காது. அங்கே மட்டும் நீங்கள் கொடுங்கள். பிறகு டிஸ்க் ஒன்று கூட்டினால் ஸ்ட்ரைப் விட்த்தை டியூன்2எஃப்எஸ் என்ற கருவியை வைத்து மாற்றலாம், மறுபடி ஃபார்மட் செய்யத் தேவையில்லை.