லஞ்சத்துக்கும் உண்டு ஒரு வரிசை

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழுவில் நிகோலாய் கோகலின் ‘இன்ஸ்பெக்டர் ஜெனரல்’ நாடகத்தைத் தமிழில் போடுகிறோம். ‘உன் பதவிக்கு மீறி வாங்குகிறாய்’, ‘நான் நாய்க்குட்டிதான் வாங்குகிறேன்’, ‘அந்த விதவை தனக்குத்தானே கசையடி கொடுத்துக்கொண்டாள்’ என்ற மூன்று வசனங்களுக்கும் ஒத்திகையில் யாரும் சிரிக்கவில்லை. வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். 1836-இல் மேடையேறிய இந்த நாடகத்திலிருந்து ரஷ்யர்கள் இன்றும் பேச்சில் எடுத்துவிடும் வரிகள் இவை. சிக்கல் மொழிபெயர்ப்பில் இல்லை. பின்னணி தெரியாததுதான் காரணம்.

ரஷ்ய மன்னர் மகா பீட்டர் 1722-இல் அரசு ஊழியர்களை 14 படிகளாக அடுக்கினார். ஒருவர் மற்றவரை எப்படி விளிப்பது என்பது வரை அந்தப் படிதான் முடிவு செய்தது. இப்போது முதல் வசனத்தைப் பாருங்கள். சீருடை தைக்க வணிகர் இரண்டு அர்ஷின் துணி, அதாவது ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்கிறார். போலீஸ்காரன் முழுச் சுருளையும் அமுக்கிவிடுகிறான். அவன் லஞ்சம் வாங்கியதில் நகரத் தலைவருக்குக் கோபமே இல்லை. அளவு மீறியதுதான் குற்றம்! நடிகர் இதை ஒழுக்க போதனை மாதிரிச் சொன்னால் சிரிப்பு வராது. மேலதிகாரி அலுவலக விதியை நினைவூட்டுகிற தொனியில் சொல்லச் சொல்லுங்கள். இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்று தவறாக நினைத்து ஊரே நடுங்குகிற ஹ்லெஸ்தகோவ் உண்மையில் 14-ஆம் படி, அதாவது கடைசிப் படி. அவனுடைய வேலைக்காரன் ஓசிப் இரண்டாம் அங்கத் தொடக்கத்தில் புலம்பும்போது அதைப் போட்டு உடைக்கிறான். அந்தப் புலம்பலை மட்டும் சுருக்கிவிடாதீர்கள்.

நாய்க்குட்டிக்கு வருவோம். தான் வாங்கும் லஞ்சம் என்று நீதிபதி சொல்வது போர்ஸோய் என்ற வேட்டைநாய் இனத்தின் குட்டிகளை. நிலப்பிரபுக்களின் வேட்டைப் பெருமை அது, விலையும் அதிகம். வெறும் ‘நாய்க்குட்டி’ என்றால் பாவம், ஏழை நீதிபதி என்று தோன்றிவிடும். ‘உயர்ஜாதி வேட்டைநாய்க்குட்டி’ என்றே சொல்லலாம்.

மூன்றாவது வசனம் தனியாக நிற்காது. சந்தையில் பெண்கள் சண்டையிட, போலீஸ் தாமதமாக வந்து சம்பந்தமே இல்லாத விதவையைப் பிடித்துப்போய் அடிக்கிறது. நான்காம் அங்கத்தில் அவள் ஹ்லெஸ்தகோவிடம் வந்து நஷ்டஈடு கேட்கிறாள். கொஞ்ச நேரத்தில் நகரத் தலைவர் பதறிக்கொண்டு வந்து அந்தப் பொய்யைச் சொல்கிறார். தன் வினையால் தானே கெடுபவரைப் பற்றி இன்று ரஷ்யர்கள் இந்த வரியைச் சொல்வார்கள். ஆனால் நாடகத்தில் அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவள் வரும் சிறு காட்சியை நேரம் கருதி நீக்கியிருந்தால், முதலில் அதைத் திரும்பச் சேருங்கள்.